காத்திருக்கையில் யாருக்கு வேலை?

மருத்துவ மேற்படிப்புச் சீட்டுகளைப் பகிர்ந்தளிக்கும் முறையொன்றை எடைபோட இரண்டு அளவுகோல்கள் போதும் என்று பொதுவாக நினைக்கிறோம். தகுதியானவருக்குச் சீட் போய்ச் சேர்ந்ததா? எல்லாச் சீட்டுகளும் நிரம்பினவா? மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை யாரும் கையில் எடுப்பதில்லை. விண்ணப்பித்தவரை அந்த முறை எப்படிக் காக்க வைக்கிறது? எத்தனை நாள் என்பது இதில் பாதிக் கேள்விதான். அந்த நாள்களில் அவர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறதா என்பது மீதிப் பாதி. கணக்கை முறையே ஏற்றுக்கொண்டால் காத்திருப்புக்குப் பொறுமை போதும். விண்ணப்பதாரர் தலையில் கட்டிவிட்டால், படித்து வாங்கிய ரேங்க்கை வைத்து அவர் பந்தயம் ஆட வேண்டியதுதான்.

பயிற்சி மருத்துவர் இடங்களை ஒதுக்கும் அமெரிக்காவின் 'மேட்ச்' முறை பிறந்ததே ஒரு காத்திருப்புச் சண்டையில். 1940-களில் பயிற்சி மருத்துவர்களைப் பிடிக்க மருத்துவமனைகள் போட்டி போட்டு, படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே மாணவர்களை முன்பதிவு செய்தன. இதைத் தடுக்க, குறித்த தேதிக்கு முன் மாணவர்களைப் பற்றிய விவரம் வெளியே போகக் கூடாது என்று கல்லூரிகள் 1945-இல் ஒப்புக்கொண்டன. உடனே இன்னொரு சிக்கல் முளைத்தது. கையில் ஒரு வாய்ப்பு, விரும்பிய இடத்தில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் என்ற நிலையில் மாணவர் பதிலைத் தள்ளிப்போட்டார், மருத்துவமனை அவசரப்படுத்தியது. முதலில் பத்து நாள் அவகாசம் இருந்தது. 1949 வாக்கில் நள்ளிரவில் தந்தி, அன்று நண்பகலுக்குள் பதில் என்ற திட்டம் வந்தபோது, அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அதிகம் என்றது மருத்துவமனைகள் சங்கம். 1952-இல் வந்த மையப் பொருத்த முறை இந்த அபத்தத்தைத்தான் முடித்து வைத்தது. அதன் முதல் வரைவு, விருப்பத்தை உள்ளபடி எழுதிய மாணவருக்கே பாதகமாக இருந்தது. மாணவர்கள் எதிர்த்தார்கள்; வரைவு மாறியது.

கணித அறிஞர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் வகுத்த 'நிலையான பொருத்தம்' என்ற கோட்பாட்டுக்கு இந்த நடைமுறை பத்து ஆண்டு மூத்தது. ஒதுக்கீடு முடிந்த பிறகு, கிடைத்ததை விட்டுவிட்டு ஒருவரையொருவர் தேர்ந்துகொள்ள விரும்பும் மருத்துவர் - மருத்துவமனை ஜோடி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே அந்த நிலைத்தன்மை. மேட்ச் இதைத் தன்னை அறியாமலே கைக்கொண்டிருந்தது என்று பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத் 1984-இல் நிறுவினார். 1998 முதல் விண்ணப்பதாரர் பக்கமிருந்து தொடங்கும்படி கணிமுறை திருத்தப்பட்டது. அதனால் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் முடிவு மாறும் என்று கணித்தார்கள். ஆனாலும் திருத்தினார்கள். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன்.

இதன் விளைவு காத்திருப்பின் தன்மையில் தெரிகிறது. விருப்பப் பட்டியலை உறுதிசெய்து அனுப்பிய பிறகு விண்ணப்பதாரருக்கு எந்த வேலையும் இல்லை. மார்ச் மூன்றாம் வாரத் திங்களன்று இடம் உண்டா இல்லையா என்பது தெரியும். எந்த இடம் என்பது வெள்ளிக்கிழமை. இடம் உறுதியானவர் இடையில் நகம் கடிக்கலாம், தந்திரம் செய்ய ஒன்றுமில்லை. தந்திரத்தால் பலனும் இல்லை.

இந்த அமைதிக்கு விலை உண்டு. பேரம் பேசும் உரிமை போனதால் சம்பளம் அமுங்குகிறது என்று 2002-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2004-இல் ஓய்வூதிய நிதி பற்றிய சட்டமொன்றில் ஒரு பிரிவைச் செருகி அமெரிக்க நாடாளுமன்றம் மேட்சைக் காப்பாற்றியது. நீதிமன்றத்தில் வாதிட்டு வென்ற வெற்றி அல்ல அது. கணக்கும் ஒழிந்துவிடவில்லை, முன்னால் நகர்ந்திருக்கிறது: எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிப்பது, எத்தனை நேர்காணல் கிடைக்கும் என்ற கவலையாக. நேர்காணலில் ஒருவர் ஏன் கீழே தள்ளப்பட்டார் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் படித்த அயல்நாட்டினரில், நம் ஊரிலிருந்து போகிறவர்களும் இதில் அடக்கம், அண்மை ஆண்டுகளில் இடம் பெற்றோர் ஏறத்தாழ அறுபது விழுக்காடு. அமெரிக்கக் கல்லூரியில் எம்.டி. முடிப்பவர்களில் அது தொண்ணூறைத் தாண்டும்.

இங்கேதான் நம் மருத்துவ மேற்படிப்புச் சீட்டுகளை ஒதுக்கும் நீட் பி.ஜி. கலந்தாய்வின் தகுதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். நேர்காணல் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. யார் எந்த ரேங்க்கில், எந்தப் பிரிவில், எந்தக் கல்லூரியில் எந்தத் துறை பெற்றார் என்பது பி.டி.எஃப். பட்டியலாக வெளிவருகிறது. கிராமத்துக் கல்லூரியில் படித்தவரும் அதைத் திறந்து, தனக்கு மேலே இருப்பவருக்குத்தான் போயிருக்கிறதா என்று வரிவரியாகச் சரிபார்க்கலாம். இந்தத் திறந்த தன்மை மேட்சில் கிடையாது. இடஒதுக்கீடும் அதே பட்டியலுக்குள் கண்ணெதிரே நடக்கிறது.

ஆனால் கலந்தாய்வு பல சுற்றுகளாக நடக்கிறது. அதே பட்டியலின் குறிப்புப் பத்தியைப் பாருங்கள். 'அப்கிரேடட்', 'நோ அப்கிரடேஷன்', 'ஃப்ரெஷ் அலாட்டட் இன் செகண்ட் ரவுண்ட்'. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒருவர் போட்ட கணக்கு இருக்கிறது. முதல் சுற்றில் கிடைத்ததில் சேராமல் விட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அது இரண்டு லட்சம். அதற்கடுத்த சுற்றுகளில் விதி இன்னும் இறுகும். நடுவே மாநிலக் கலந்தாய்வு தன் தேதியில் தனியே ஓடுகிறது. மையம் நிரப்பும் அகில இந்திய ஒதுக்கீட்டில் கிடைத்த அனஸ்தீசியாவில் சேர்வதா, மாநில ஒதுக்கீட்டில் பொது மருத்துவம் வரும் என்று நம்பி விடுவதா? போன ஆண்டு எந்த ரேங்க்கில் முடிந்தது என்ற எக்செல் தாளை வைத்துக்கொண்டு, ஹவுஸ் சர்ஜன் காலத்து நண்பர்களின் டெலிகிராம் குழுவில் இரவெல்லாம் இதுதான் பேச்சு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எளிது. அப்படி நிற்பதைத்தான் முறை லாபகரமாக்கி வைத்திருக்கிறது.

நீளமும் நியாயப்படுத்த முடியாதது. 2021 தேர்வு ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குப் போனது. அகில இந்திய ஒதுக்கீட்டில் கொண்டுவந்த ஓ.பி.சி., பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீடுகள் மீதான வழக்கில் கலந்தாய்வு 2022 ஜனவரி வரை நின்றது. முதலாண்டு மருத்துவர்களே இல்லாமல் வார்டுகள் ஓடின. அந்தச் சுமை தாளாமல்தான் டிசம்பரில் டெல்லியில் போராட்டம் வெடித்தது. இத்தனை காக்க வைத்தும் அந்த ஆண்டு 1,456 சீட்டுகள் காலியாக நின்றன. 2023-இல் காலியிடத்தை நிரப்பத் தகுதி மதிப்பெண் சதமானத்தையே பூஜ்யமாக்கினார்கள். முறையின் கோளாறுக்கு அளவுகோலை உடைத்த செயல் அது. கலந்தாய்வு வரலாற்றில் அதைவிடப் பலவீனமான முடிவை என்னால் காட்ட முடியவில்லை. 2024-இல் தேர்வுக்கு முந்தைய இரவு ஒத்திவைப்பு. ஊர்விட்டு ஊர் போய் விடுதியில் தங்கியிருந்தவர்களுக்கு அன்றிரவுதான் செய்தி.

இவ்வளவு பேருக்கு, இவ்வளவு பிரிவுகளுக்கு இதைவிட எப்படி முடியும் என்பது வழக்கமான சமாதானம். அது நிற்காது. ஐ.ஐ.டி.களும் என்.ஐ.டி.களும் தனித்தனியே நடத்திய ஒதுக்கீட்டை 2015-இல் ஒன்றாக்கினார்கள். எல்லா இடஒதுக்கீட்டுப் பிரிவுகளும் அப்படியே இருந்தன. இரண்டு பக்கமும் சீட் பிடித்து வைக்கும் வழி அடைபட்டதால் என்.ஐ.டி.களில் காலியிடம் குறைந்தது. மருத்துவத்தில் ஆகாது என்பதற்குக் கணிதக் காரணம் எதுவும் இல்லை.

அரசியல் காரணம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. பொதுக் கலந்தாய்வு என்றாலே தமிழ்நாடு எதிர்க்கிறது. மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீடும், அரசுப் பணி மருத்துவர்களுக்கான 50 விழுக்காடும் வழக்காடி, போராடிக் காத்தவை. அந்த ஐயம் நியாயமானது. ஆனால் ஒரே நேரத்தில் கணக்கிடுவது வேறு, ஒரே கையில் அதிகாரத்தைக் குவிப்பது வேறு. மாநிலச் சீட்டுகளுக்கு மாநிலத்தின் விதியும் தரவரிசையும், மையச் சீட்டுகளுக்கு மையத்தின் விதி. விண்ணப்பதாரருக்கு இரண்டையும் கலந்து எழுதும் ஒரே விருப்பப் பட்டியல். விதியை எழுதும் உரிமை சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மாநிலத் தேர்வுக் குழுவிடமே இருக்கலாம். மத்திய அரசு இந்த வேறுபாட்டைத் தெளிவாக்காததும், மாநிலங்கள் கேட்டுப் பெறாததும் ஒரே அளவு குறை.

எனவே என் தீர்ப்பு: தேர்ந்தெடுக்கும் அடிப்படையில் நம் முறை மேட்சைவிட நேர்மையானது, ஒதுக்கும் முறையியலில் அதற்குப் பல படி கீழே. மேட்சின் நேர்காணலை இறக்குமதி செய்யத் தேவையில்லை. கணிமுறையும் நாள்காட்டியும் போதும். நாள்காட்டியையாவது உச்ச நீதிமன்றம் கேட்டிருக்கிறது: சீட் பிடித்து வைப்பது பற்றிய வழக்கில், 2025-இல், மையமும் மாநிலங்களும் ஒத்திசைந்த கலந்தாய்வு அட்டவணை வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டுத் தேர்வு முடிவு ஆகஸ்ட் 19-இல் வந்தது. அகில இந்தியக் கலந்தாய்வுக்கான பதிவு தொடங்கியது அக்டோபரில்.