முதலில் பல்பு சொல்லட்டும்

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடந்தால் லேத் சத்தமும் கட்டிங் ஆயில் வாடையும் கூடவே வரும். அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒரு ஷெட்டின் மாடியறையில், காதில் விழாத ஒரு வேலை நடக்கிறது. ஆசிலோஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர் போன்ற பழைய கருவிகளின் செத்துப்போன பவர் சப்ளையைச் சரிசெய்யும் வேலை. அண்ணன் பல வருஷமாக அதைச் செய்துவருகிறார். ஒரு சனிக்கிழமை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல கச்சேரி கேட்ட நிறைவோடு வீடு திரும்பினேன்.

மேசையில் இருந்தது 1970-களில் செய்த 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எஸ்டேட்டுக்குள் புகுந்தபோது அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் நனையாமல் தப்பியது. அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இப்போது திரை இருட்டு.

நான் பிளக்கை எடுத்து நேரே சாக்கெட்டில் செருகப் போனேன். "அவசரப்படாத தம்பி. முதல்ல பல்பு சொல்லட்டும்" என்றார்.

பல்பு என்றால் சாதாரண 100 வாட் குண்டு பல்புதான். லைனில் சீரிஸாகக் கோத்திருக்கிறார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்; கருவி கருகாமல் பிழைக்கும். அதற்கு முன்னால், வோல்டேஜை ஏற்றி இறக்க ஒரு டிம்மர்ஸ்டாட். அதன் குமிழை அவர் ஒரே மூச்சில் 230 வோல்ட்டுக்குத் திருப்பவில்லை. 40-ல் வைத்துவிட்டு டீ குடித்தார். 80-ல் வைத்துவிட்டு ஸ்க்ரூக்களைத் துடைத்தார். மாதக்கணக்கில் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள், அலுமினியத் தகட்டின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துபோயிருக்கும். மெல்ல ஏற்றினால் அந்தப் படலம் தானே திரும்ப வளரும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் தாங்காது. பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தண்ணி கொடுக்கிற பக்குவம் இது.

230-க்கு வந்தபின் ஒருமுறை அணைத்துப் போட்டார். பல்பு பளிச்சென்று மஞ்சளாகி, மெல்ல இறங்கி, அடுப்பில் கனிந்த கரியின் சிவப்பில் வந்து நின்றது. அந்த மஞ்சள் கணம்தான் கண்டன்சர்கள் நிரம்பும் கணம். "பிரிட்ஜும் ட்ரான்ஸ்ஃபார்மரும் நல்லாருக்கு" என்றார், மீட்டரைத் தொடாமலே.

மீட்டர் அடுத்து வந்தது. போர்டில் +55, +15, +5, −8 என்று ஒவ்வொரு வோல்டேஜுக்கும் ஒரு டெஸ்ட் பாயின்ட், பக்கத்திலேயே தெளிவான அச்சு. +15 மட்டும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அந்த லைனில் எங்கோ ஷார்ட். ஆனாலும் அந்த லைனுக்குக் கரண்டைக் கடத்தும் பாஸ் டிரான்சிஸ்டர் சாகவில்லை, ஃபியூஸ் போகவில்லை. அளவுக்கு மேல் கரண்ட் போனால் தன்னையே அடக்கிக்கொள்ளும்படி ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சர்க்யூட் வரைந்திருக்கிறார். யாரோ எங்கோ கெடுக்கப்போவதை நினைத்து வரைந்த அந்தக் கையை எனக்குக் கும்பிடத் தோன்றியது.

போர்டைப் பார்த்தாலே அந்தக் கை தெரிகிறது. தடங்கள் நேர்க்கோட்டில் வெட்டி வெட்டிப் போவதில்லை. கையால் டேப் ஒட்டி உருவாக்கிய காலம் அது. வாய்க்கால் போல வளைந்து நெளிந்து போகின்றன.

அந்த வாய்க்காலில்தான் தேட வேண்டும். +15 லைனில் இருபது இடத்தில் கண்டன்சர் தொங்குகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றினால் பழைய போர்டின் செப்புத் தடம் பெயர்ந்துவிடும். அண்ணன் பவரை எடுத்துவிட்டு, வேறொரு சப்ளையிலிருந்து அரை ஆம்பியருக்கு மட்டும் கட்டுப்படுத்தி அந்த லைனுக்குள் கரண்ட் விட்டார். பிறகு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கிரவுண்டிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். 14. 11. 9. ஒரு கிளையில் திரும்பினார்: 9, 9, 9. அங்கே கரண்ட் ஓடவில்லை, திரும்பி வந்தார். 7. 4. வயல் வரப்பில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தானே போவார்கள், அதே நடை. எண் மிகவும் சிறுத்த இடத்தில் ஒரு டாண்டலம் கண்டன்சர். பட்டாணி அளவு, சொட்டு வடிவம், பளபளப்பு. ஒரு கீறல் இல்லை, கரி இல்லை. கண்ணால் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் அதைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டோம்.

கழற்றியதும் லைன் விடுபட்டது.

புதியதைத் தேடி டப்பாக்களைத் துழாவும்போது ஒரு பழைய கதை சொன்னார். 1950-களின் வால்வு கால டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்களில் பாகங்களைப் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் சால்டர் செய்திருப்பார்கள். பள்ளத்தில் வெள்ளிப் பூச்சு. சாதாரண ஈயம் வைத்தால் அந்த வெள்ளியைக் கரைத்துத் தின்றுவிடும். அதனால் வெள்ளி கலந்த சால்டர் ஒரு சின்னச் சுருளைப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். ஆரெகனில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் எந்த மூலையிலோ, எந்த வருஷத்திலோ இதைத் திறக்கப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காக எடுத்துவைத்த சுருள். "வந்தவனுக்கு ஒரு செம்பு தண்ணி எடுத்து வெச்ச மாதிரி இல்ல?" என்றார் அண்ணன். அப்படித்தான் எனக்கும் பட்டது.

புதிய கண்டன்சரின் பிளஸ் காலை இரண்டு முறை சரிபார்த்தார். டாண்டலத்தைத் திருப்பிப் போட்டால் வெடிக்கும். ஈயம் ஓடிப் பரவி, குளிரும்போது மங்காமல் பளபளத்தது. பவர் கொடுத்ததும் +15 வந்தது. இன்னொரு ஸ்கோப்பை வைத்து, வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கு முன்னால் பார்த்தார்: 10 மில்லிசெகண்டுக்கு ஒரு பல்லாக, ரம்பம் போல ரிப்பிள். ரெகுலேட்டருக்குப் பின்னால் அதே இடத்தில் மடித்துவைத்த வேட்டிக் கரை போல ஒரே கோடு.

செத்த ஸ்கோப்பின் திரையில் பச்சை வெளிச்சம் முதலில் மூட்டமாக வந்து, குமிழைத் திருப்பத் திருப்பக் கூர்மையானது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்க்கவில்லை. டார்ச்சை அடித்து, புதிய கண்டன்சரை விரல் நுனியால் கொஞ்சம் திருப்பிவிட்டார். அதன் மேல் அச்சிட்ட மதிப்பு இப்போது மேலே பார்த்திருந்தது.