வீட்டுக்கு முன் மலை

புது ஊரில் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் சுற்றியுள்ள மலையூர்களுக்கு பஸ் ஏறிவிடுவது என் வழக்கம். அரூருக்குக் குடிவரும் முன்னும் அப்படித்தான்.

தீர்த்தமலையில் பாறை உச்சியிலிருந்து இறங்கும் இராமர் தீர்த்தத்தில் தலை நனைத்தேன். அருணகிரிநாதர் பாடிய மலை. படியேறிய கால்வலி அந்த நீரில் போயிற்று.

ஆனால் மனம் தங்கியது சித்தேரி மலையில். பஸ் ஏறும் பாதையில் வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். அந்தப் பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பிய மூன்று சகோதரர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் மரபுக்கதை. பெரியண்ணன் சேர்வராயனில், நடுவண்ணன் பச்சைமலையில், சின்னண்ணன் கொல்லிமலையில் குடியேறினார்களாம். புது இடம் தேடி மலை மலையாய் அலைந்தவர்களின் கதை! வீடு தேடி வந்த எனக்கு அது எவ்வளவு நெருக்கமாக இருந்தது.

அங்கே ஒரு வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பாட்டி முறத்தை நிறுத்தாமலே கேட்டார்: “அரூர்ல ஊடு பாத்தாச்சா சாமி?”

“இன்னும் இல்லைங்க பாட்டி.”

“மலை தெரியற ஊடா பாரு.”

மறுநாள் தரகரிடம் முதலில் கேட்டது அதைத்தான்.