ஒளியும் பொழுதும்: நிகழ்பட விளையாட்டுகளின் ஒளியமைதி பற்றிய ஆய்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். கருப்பொருளும் உரிப்பொருளும் அவ்விரண்டனைச் சார்ந்து நிலைபெறுவன. பொழுது என்பது கணக்கிடப்பெறும் காலம் மட்டுமன்று. கண்ணால் உணரப்பெறுவதும் ஆகும். மாலையை மாலையென நமக்கு அறிவிப்பவை சாய்ந்த கதிரும் நீண்ட நிழலுமேயாம். ஆகவே, காட்சிக் கலைகளில் நிலத்தின்மேல் ஒளி விழும் முறையே பொழுதாக நிற்கின்றது எனலாம். வீடியோ கேம் எனப் பலரும் வழங்கும் நிகழ்பட விளையாட்டுகளில் இவ்வொளி எவ்வாறு அமைகின்றது, அதனை எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுதல் தகும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் தமிழாய்வுக்குப் புறம்பானது என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில், அரங்கின் அமைப்புக் கூறுமிடத்து, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பெற்றமையும் கூறப்படுகின்றது. எங்கே ஒளி வேண்டும் என்பதோடு எங்கே நிழல் கூடாது என்பதனையும் நம் முன்னோர் கலையமைதியின் கூறாகவே எண்ணினர். அன்று விளக்கேற்றுவோன் கையால் செய்ததை இன்று கணிப்பொறி கணக்கால் செய்கின்றது. கருவி வேறாயினும் வினா ஒன்றே.

ஒளியின் வகைகளை விளக்குதற்கு முகத்துவாரக்குப்பத்தை எடுத்துக்கொள்கின்றோம். வடசென்னையில், எண்ணூரை அடுத்து, கொசத்தலையாறு வங்கக் கடலோடு கலக்குமிடத்தில் உள்ள மீனவர் ஊர் இது. ஒருபால் கடல், ஒருபால் கழி, கழிக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். நெய்தலின் ஒளியும் தொழிற்சாலையின் ஒளியும் ஒருங்கே காணப்பெறும் இடமாதலின் எம் நோக்கத்திற்கு இது பெரிதும் ஏற்றது.

ஒளியின் வகைகள்

முதலாவது பரவொளி. உலர்ந்த மணலின்மேற் பட்ட ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகின்றது. அம்மணலின் பொலிவு கதிர் விழும் கோணத்தைப் பொறுத்தது; காண்பான் நிற்கும் இடத்தைப் பொறுத்ததன்று. இவ்விதியை லாம்பெர்ட் என்னும் அறிஞர் 1760-இல் வெளியிட்ட ஒளியளவை நூலில் காணலாம்.

இரண்டாவது, ஸ்பெக்குலர் என வழங்கும் மின்னொளி. நனைந்த படகின் விளிம்பிலும் மீனின் செதிலிலும் தோன்றும் பளிச்சீடு இது. காண்பான் நகர இதுவும் நகரும். வியட்நாமிற் பிறந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பூய் துவாங் போங் இதனைக் கணக்கிடும் எளிய வாய்பாடு ஒன்றை 1975-இல் வெளியிட்டார். பின்வந்த விளையாட்டுகள் பலவும் அவ்வாய்பாட்டையோ அதன் வழிவந்தவற்றையோ கையாண்டன.

மூன்றாவது நிழல். விளக்கு இருக்குமிடத்திலிருந்து காட்சியின் ஆழத்தை முதலில் அளந்து வைத்துக்கொண்டு, அவ்விளக்கின் பார்வைக்கு மறைந்த இடங்களை நிழலென்று கொள்ளும் முறையை லான்ஸ் வில்லியம்ஸ் 1978-இல் உரைத்தார்.

நான்காவது எதிரொளி. கரையேற்றிய படகின் அடிப்புறத்தில் நேர்க்கதிர் படுவதில்லை; எனினும் அது முற்றிருளாய் இருப்பதும் இல்லை. மணலிற் பட்டு மீண்ட ஒளி அதனைத் துலக்குகின்றது. இவ்வாறு பொருளுக்குப் பொருள் தாவும் ஒளியனைத்தையும் ஒரே சமன்பாட்டுள் அடக்கி 1986-இல் கஜியா வெளியிட்டார். அக்கணக்கு மிகப் பெரிதாகலின், விளையாட்டுகள் நெடுங்காலம் எங்கும் ஒரே அளவான பொதுவொளியைத் தூவி நிறைவு கொண்டன. பொருள்களின் இடுக்கிலும் மூலையிலும் அப்பொதுவொளியைக் குறைத்துக் காட்டும் ஆம்பியன்ட் அக்லூஷன் என்னும் உத்தி, 2007-இல் வந்த கிரைசிஸ் என்னும் விளையாட்டிற்குப் பின்னர்ப் பெருவழக்காயிற்று. ஒளியின் வழியைத் தொடர்ந்து சென்று கணக்கிடும் ரே டிரேசிங் முறையை டர்னர் விட்டெட் 1980-இல் விரித்துரைத்திருந்தும், ஆடும்பொழுதே அதனைச் செய்யவல்ல கருவிகள் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு 2018-இல்தான் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின.

ஐந்தாவது ஊடொளி. காற்றில் மிதக்கும் உப்புத் திவலையும் சாம்பலும் தூசும் கதிரைச் சிதறச் செய்வதால் காற்றே கண்ணுக்குப் புலனாகும் நிலை இது. ஆறாவது, புளூம் என்னும் பொங்கொளி. இரவில் துறைமுக விளக்கைச் சுற்றிக் காணப்பெறும் ஒளிவட்டம் போல, மிக்க ஒளி தன் எல்லை கடந்து கசிவது இது.

பூச்சும் ஒளியும்

இவ்வகைகளை அறிதலாற் பெறும் பயன் யாது? பூச்சினையும் ஒளியினையும் வேறு பிரித்தறிதலே பயன் என்போம். காட்சி முழுமைக்கும் ஒரே நிறச்சாயலை ஏற்றிவிடும் வழக்கம் திரைப்படத்திலும் விளையாட்டிலும் உண்டு. தொழிற்சாலைப் பகுதி என்றவுடன் பழுப்பினைப் பூசுவது எளிது. ஆயின், முகத்துவாரக்குப்பத்தின் கரையில் நின்று காண்பார்க்கு மெய்ம்மை வேறாகத் தோன்றும். அருகிலுள்ள படகின் வண்ணம் தன் நிறம் குன்றாது விளங்கும். தொலைவிலுள்ள புகைபோக்கி வெளிறி நிற்கும். கதிரவனை நோக்கிய திசையில் காற்று ஒளிமிக்கும், எதிர்த்திசையில் மங்கியும் இருக்கும். நுண்துகள்கள் ஒளியைப் பெரிதும் முன்னோக்கியே சிதறுதல் இதற்குக் காரணம்.

எனவே, ஊடொளி முறையாக அமையுமாயின், புகை எத்திசையில் உள்ளது, எத்துணைத் தொலைவில் உள்ளது என்பவற்றைக் காட்சி தானே கூறும். பூச்சோ இவற்றுள் ஒன்றையும் கூறுவதில்லை. அது புகையையும், அப்புகையிடையே வாழும் மக்களையும், அவர்தம் படகையும் ஒரே நிறத்தில் தோய்த்துவிடுகின்றது. கேட்டினைச் செய்வதும் கேட்டிற்கு ஆளாவதும் அங்கே வேறுபாடின்றி மயங்குகின்றன. ஒளியமைதியிற் செய்யும் பிழை அறத்திற் செய்யும் பிழையாகவும் முடிதல் கூடும் என்பதற்கு இது சான்று.

மெய்ம்மையும் கலையும்

இவ்வாறு கூறியதனால், இயற்கை ஒளியை இம்மியும் பிசகாது கணக்கிடுவதே சிறப்பு என்று கொள்ளலாகாது. 1998-இல் வெளிவந்த தீஃப்: தி டார்க் புராஜெக்ட் என்னும் விளையாட்டின் வரைகலை இன்றைய நோக்கில் மிக எளியது. எனினும், ஆடுவோன் இருளில் எவ்வளவு மறைந்துள்ளான் என்பதனைத் திரையடியில் ஒரு மணி காட்டும். நீர் அம்பு எய்து தீப்பந்தத்தை அவித்து அவன் தனக்கு இருளைப் படைத்துக்கொள்வான். அங்கே ஒளியை நீக்கினால் ஆட்டமே இல்லையாகும்.

புனேயில் உருவாகி 2020-இல் வெளிவந்த ராஜி என்னும் விளையாட்டு முப்பரிமாண ஒளியைப் பயன்கொள்வதாயினும், கதை கூறுமிடங்களில் நிழற்பாவைக் கூத்தின் சாயலை மேற்கொள்கின்றது. தோற்பாவைக் கூத்தினை அறிந்த நமக்கு அங்கே நிழல் ஒளியின் இன்மையாகத் தோன்றாது, கதைமாந்தராகவே தோன்றும். கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையாக 2023-இல் டொரன்டோ நகரத்து விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா, இருபரிமாண ஓவியங்களால் அமைந்தது. அதன் ஒளி வரையப்பட்ட ஒளியே. அவ்வெளிமை அதற்குக் குறையாயிற்றில்லை. 2024-இல் அறிமுக விளையாட்டுக்குரிய பாஃப்டா பரிசினை அது பெற்றது.

ஆகவே அளவுகோல் இதுவாதல் வேண்டும்: ஒளியை மாற்றிப் பார்க்க, நிலமும் நிகழ்ச்சியும் உணர்வும் மாறாது நிற்குமாயின் அவ்வொளி வெறும் அணி, மாறுமாயின் அது முதற்பொருள்.

எற்பாடு

இவ்வளவுகோலை நெய்தலில் வைத்துக் காண்போம். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. அது கதிர் எழும் பொழுதென்று கொண்டாரும் உளராயினும், கதிர் சாயும் பொழுதென்பதே பெருவழக்கு. மேலைக் கடற்கரையில் ஞாயிறு கடலுள் மறையும். முகத்துவாரக்குப்பத்தில் அவ்வாறன்று, கடலை நோக்கி நிற்பவனுக்கு அது முதுகுப்புறத்தில், நிலத்தின்மேல் சாய்கின்றது. அவன் நிழல் அவனுக்கு முன்னே கடலை நோக்கி நீளும். ஆதலின், இவ்வூரைக் களமாகக் கொண்டு இனி ஒருவர் விளையாட்டு அமைத்து, அதிற் கடலுள் ஞாயிறு மூழ்கும் காட்சியை வைப்பாராயின், அக்காட்சி எத்துணை அழகுடையதாயினும் அது பிறிதொரு நிலத்தின் பொழுதேயாகும்.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து இக்கழிமுகத்தை அடைந்தது. மீனவர் தொழில் கெட்டது. நீரின்மேல் எண்ணெய் மிக மெல்லிய ஏடாகப் படியுமிடத்து, அவ்வேட்டின் மேற்புறத்தும் அடிப்புறத்தும் மீளும் ஒளி தம்முட் கலந்து வானவில் நிறங்களைக் காட்டும், சிற்றலைகளும் அடங்கும். ஏடு தடித்தவிடத்து அந்நிறங்கள் இரா, கருமையே இருக்கும். மெல்லேட்டின் ஒளியைக் கணக்கிடும் வாய்பாடு இன்றைய வரைகலையில் உண்டு. சோப்புக் குமிழிக்கும் அதுவே பயன்படுகின்றது. குமிழியில் விளையாட்டு மகிழ்ச்சியாகும் அந்நிறமே கழியில் நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலுக்கு நிமித்தமாகின்றது. வாய்பாடு ஒன்று, பொருள் இரண்டு. இவ்வேறுபாட்டினைக் கணிப்பொறி அறியாது. அமைப்பவர் அறிதல் வேண்டும். அவர் அறிந்தனரா என்பதனைத் திறனாய்வாளர் ஆராய்தல் வேண்டும்.

திணைக் கோட்பாட்டிற் பயின்ற தமிழ் மாணாக்கர்க்கு அவ்வாராய்ச்சிக்குரிய கருவி முன்னரே கைவசம் உள்ளது. ஒளி வகைகளின் இயல்பையும் உடன் கற்பாராயின், அழகிது என்பதோடு அமையாது, எந்நிலத்து எப்பொழுது, அஃது யார்க்கு உரியது என்று வினவும் திறம் அவர்க்கு வாய்க்கும் என்பது எம் துணிபு.