மரபைச் சொல்வது யார்?

வால்டர் லினியை (1942–1999) வனுவாட்டுவின் தேசத்தந்தை என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அந்தக் கும்பிடு போதவில்லை. அவரது அரசியலைத் தாங்கிய ஒரு சொல்லைப் பிடித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது: பிஸ்லாமா மொழியின் 'கஸ்தோம்'. மரபு, வழக்கம், முன்னோர் நெறி எல்லாம் அதில் அடக்கம்.

1906 முதல் பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்ட பசிபிக் தீவுகள் இவை. அப்போது பெயர் நியூ ஹெப்ரிடிஸ். இரண்டு போலீஸ், இரண்டு சிறை; மண்ணின் மக்களுக்கோ எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. 1980 ஜூலை 30இல் விடுதலை. நிலம் முழுவதும் மரபுவழி உடைமையாளர்களுக்கே என்றது அரசியல் சட்டம். தோட்ட முதலாளிகளின் காலடியிலிருந்து மண்ணை உருவிய இந்தச் செயல் சின்ன விஷயமில்லை. முதல் பிரதமர் லினி ஆங்கிலிக்கன் பாதிரியார். பல மிஷன்கள் அஞ்ஞானம் என்று ஒதுக்கிய கஸ்தோமை அவரே தூக்கிப்பிடித்தார். பகிர்ந்து வாழும் கிராமத்தைக் காட்டி 'மெலனீசிய சோசலிசம்' பேசினார்.

சரி, இதே கஸ்தோமைச் சொல்லித்தானே சாண்டோ தீவில் ஜிம்மி ஸ்டீவன்ஸ் 1960களிலேயே நிலம் கேட்டார்? 1980இல் அவர் தனிநாடு அறிவித்தார். பிரெஞ்சுத் தோட்டக்காரர்களும் அமெரிக்க வலதுசாரிப் பணக்காரர்களும் அவருக்குப் பின்னால் இருந்தது உண்மை. லினி பப்புவா நியூ கினியாவின் படையை வரவழைத்து அடக்கினார். சிறைக்குப் போன ஸ்டீவன்ஸ் 1991இல்தான் வெளியே வந்தார். 'அந்நியக் கைக்கூலி' என்று கதையை முடிப்பது சுலபம். ஆனால் அவர் பின்னால் போன சனங்களின் நம்பிக்கையை எந்தப் பணக்காரனும் தயாரித்துக் கொடுத்துவிடவில்லை. ஒரே சொல் ஒருவர் வாயில் அரசியல் சட்டம், இன்னொருவர் வாயில் ராஜத்துரோகம். எது அசல் மரபு என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் அரசு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த நாற்காலியை உள்ளேயிருந்தே கேள்வி கேட்டவர் கவிஞர் கிரேஸ் மேரா மொலிசா. லினியின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். விடுதலைக்கு ஏழு வருஷம் கழித்து, 1987இல் வந்த தன் தொகுப்புக்கு அவர் வைத்த தலைப்பு 'காலனியாக்கப்பட்ட மக்கள்'. வெள்ளைக்காரன்தான் போய்விட்டானே, இன்னும் யார் காலனி? பெண்கள். மரபின் பேரால் ஆண்கள் பேசும் சபையில் அவர்கள் குரலுக்கு இடமில்லை.

1991இல் சொந்தக் கட்சியே லினியைத் தலைமையிலிருந்து இறக்கியது. பிரதமர் பதவியும் போனது. அவர் சாதித்ததை நான் மறுக்கவில்லை. காலனியத்தைத் துரத்த மரபு என்ற ஆயுதம் தேவைப்பட்டது. துரத்தி முடித்தபின் அந்த ஆயுதம் யார் கையில், யாரை நோக்கி? ஸ்டீவன்ஸின் சனங்களும் மொலிசாவின் பெண்களும் கேட்பது இதைத்தான். அவர்களை விட்டுவிட்டு லினியின் வாழ்க்கையை எழுதினால் அது வெறும் தலைவர் கதை, அவ்வளவுதான்.