பொதுவெளியும் வெலிவாடாவும்

பல்கலைக்கழகங்கள் நடத்தும் கலை, இலக்கியப் பொதுக்கூட்டங்களில் 'பொது' என்பது எங்கே இருக்கிறது? அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்றிருக்கும். உள்ளே போனால் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, துணைவேந்தர் வாழ்த்துரை. பேச்சாளர் பேசி உட்கார்ந்ததும் 'நேரம் கருதி' கேள்விகள் ரத்து, நேரா நன்றியுரைதான். தலைப்பு அம்பேத்கராகவே இருக்கட்டும். யார் பேசலாம், யார் கைதட்டினால் போதும் என்பதை வடிவம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

இந்த வடிவம் உடைந்த தருணம் என்று தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். 2016 பிப்ரவரி 9 அன்று மாணவர்கள் 'கலாச்சார மாலை' என அறிவித்துக் கூடிய நிகழ்ச்சி தேசத்துரோக வழக்காயிற்று. 12ஆம் தேதி மாணவர் சங்கத் தலைவர் கன்னையா குமார் கைது. அதன்பின் நிர்வாகக் கட்டடத்தின் முன் தேசியம் பற்றித் தொடர் உரைகள் நடந்தன. கோபால் குரு, ரொமிலா தாப்பர், நிவேதிதா மேனன் எனப் பலர் பேசினார்கள். சால்வை கிடையாது, கேட்டவர்கள் திறந்த வெளியில் தரையில் உட்கார்ந்தார்கள். அந்த இடம் 'சுதந்திரச் சதுக்கம்' ஆயிற்று. உரைகள் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வந்துவிட்டன. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஒரு மாதம் முந்தியே ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை ஏன் இந்த வரிசையில் வைப்பதில்லை? 2015 ஆகஸ்டில் முசாஃபர்நகர் கலவரம் பற்றிய ஆவணப்படத் திரையிடல் தில்லியில் ஒரு கல்லூரியில் தடுக்கப்பட்டது. ஹைதராபாத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் அதைக் கண்டித்தது. தொடர்ந்து தகராறு, புகார், விசாரணை. டிசம்பரில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுக்குத் தண்டனை: விடுதிக்குள் வரக்கூடாது, பொது இடங்களில் குழுவாக நடமாடக் கூடாது. 'பொது' என்ற சொல்லுக்குப் பல்கலைக்கழகமே எழுதிய உரை இது.

வெளியேற்றப்பட்ட ஐவரும் வளாகக் கடைப்பகுதியில் தலைவர்களின் படம் போட்ட பிளெக்ஸ் பதாகைகளையே சுவராக்கிக் கூடாரம் அடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் வெலிவாடா. ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சேரி என்று பொருள். நம்ம 'வெளி'தான் தெலுங்கில் 'வெலி'. பொதுவெளி, பொதுவெளி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அந்த வெளிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு வெளியை ஒரு கூடாரம் காட்டிவிட்டது. அது சிற்பம், அது நாடகம், அது விமர்சனம். ஜனவரி 17இல் ஐவரில் ஒருவரான ரோஹித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்டார்.

சதுக்கத்தில் ஆசிரியர் இடம் மாறி நின்றார். ஆனாலும் பேசியவர் பெரும்பாலும் ஆசிரியரே, கேட்டவர் மாணவரே. வெலிவாடாவில் விலக்கப்பட்டவர்களே பாடம் நடத்தினார்கள். முன்னதைத் 'தொடர் சொற்பொழிவு' என்கிறோம், பின்னதை வெறும் 'போராட்டம்' என்கிறோம். அறிவு ஒரு பக்கம், வலி ஒரு பக்கம் என்று பங்கு பிரிக்கிற பழைய புத்தி இது. இதில் சாதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நிர்வாகங்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. வெலிவாடாவை 2019 ஜனவரியில் அகற்றினார்கள். நேரு பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள் கல்விக் கட்டடங்களுக்கு 100 மீட்டருக்குள் தர்ணா செய்தால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்றன. இரண்டுமே ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை. பயணப்படியும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு கருத்தரங்கில் 'விளிம்பு' பற்றிக் கட்டுரை வாசித்துவிட்டுத் திரும்பும் தோழர்கள், அந்த வளாகத்தில் விடுதி மறுக்கப்பட்டவர், உதவித்தொகை நிறுத்தப்பட்டவர் யார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம். கட்டுரையை அவர்கள் இருக்கும் இடத்தில் வாசிக்கவும் செய்யலாம். அங்கே நேரம் கருதி யாரும் கேள்வியை நிறுத்த மாட்டார்கள்.