துள்ளல் மெட்டில் சொல்லுக்கு என்ன வேலை?

தமிழ்த் திரையில் துள்ளல் பாட்டு பெரும்பாலும் மெட்டில்தான் பிறக்கிறது. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார். அந்தச் சந்தத்துக்குள் பாடலாசிரியர் சொல்லை உட்கார வைப்பார். மெட்டு கவிதையைக் கொன்றுவிடுகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. அதை நான் ஏற்கவில்லை. திருப்புகழில் அருணகிரிநாதர் சந்தத்தின் கட்டுக்குள் நின்றுதானே அத்தனை பொருளையும் சொன்னார்?

ஒலியறிவுதான் இம்முறையின் பலம். குறில்கள் அடுத்தடுத்து வந்தால் வரி ஓடும். வல்லின ஒற்று வரும் இடத்தில் தவிலின் அடி இன்னும் அழுத்தமாகக் கேட்கும். பல்லவியின் கடைசியில் நெடில் இருந்தால் கூட்டமே சேர்ந்து குரலெடுக்கலாம். இதில் வாலி பெரிய கைகாரர். ‘சகலகலா வல்லவன்’ (1982) படத்துக்கு அவர் எழுதிய புத்தாண்டுப் பாட்டு, இன்றும் டிசம்பர் 31 இரவில் தெருத்தெருவாக ஒலிக்கிறது.

பொருளற்ற ஒலிகளையும் குறை சொல்ல மாட்டேன். கும்மியிலும் நடவுப் பாட்டிலும் வரும் ‘தன்னானே’வுக்கு அகராதியில் பொருள் தேட வேண்டியதில்லை, எல்லோரையும் ஒரே தாளத்தில் சேர்ப்பதே அதன் வேலை. ஆனால் அது முடிந்ததும் அங்கே ஒரு கதை தொடங்கும்: மாமன் மீது ஆசை, மழை வராத ஏக்கம், மேஸ்திரி மீது கேலி. இன்றைய குத்துப்பாட்டுகள் பலவற்றில் ‘தன்னானே’ மட்டுமே மிஞ்சுகிறது. பல்லவியின் முதல் வரி ரீல்ஸுக்குப் பயன்பட்டால் போதும் என்றாகி, சரணம் ஒப்புக்கு எழுதப்படுகிறது. ஆடுகிறவனுக்கு ஏன் மகிழ்ச்சி என்று பாட்டு சொல்வதே இல்லை. காரணம் கிடைக்காத இடத்தை மதுவும், பெண்ணைப் பற்றிய மலிவான கிண்டலும் நிரப்புகின்றன. அது கற்பனை வறட்சி. மெட்டின் மீது பழி போட முடியாது.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தைப் பாருங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன், முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டுப் பாடுகிறான். கண்ணதாசன் எழுதிய அந்தப் பாட்டு கேலியும் கும்மாளமுமாகப் போகிறது. ஆனால் உள்ளே இருப்பது ஒரு கோரிக்கை. மெல்லிசை மன்னர்களின் மெட்டு எவ்வளவு துள்ளினாலும், பாடுகிறவன் யார், எதற்காகப் பாடுகிறான் என்பது மறப்பதில்லை.

துள்ளலை மெட்டே கொடுத்துவிடும். துள்ளுவதற்கான காரணத்தைச் சொல்தான் கொடுக்க வேண்டும். இளம் பாடலாசிரியர்களே, சந்தத்துக்குச் சொல் தேடும் முன், பாடுகிறவன் எதற்காக மகிழ்கிறான் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி கிடைக்கும்வரை பல்லவியைத் தொடாதீர்கள்.