வளைந்தது சரி, எத்தனை பாகை?

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் தாவர ஹார்மோன் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். 2019இல் வந்த அந்நூலில் வெண்ட்டின் சோதனை நன்றாகவே சொல்லப்பட்டுள்ளது. ஓட்ஸ் முளைக்குருத்தின் நுனியை வெட்டி அகார்க் கட்டியின்மேல் வைக்கிறார், பிறகு அக்கட்டியை வெட்டுண்ட குருத்தின் ஒரு பக்கமாக வைக்கிறார், குருத்து வளைகிறது. நுனியிலிருந்து இறங்கிய பொருளே ஆக்சின். படங்களும் தெளிவு. ஆனால், பாடம் ‘வளைந்தது’ என்பதோடு நின்றுவிடுகிறது.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது பொறுக்கவில்லை. நுனியிலிருந்து ஏதோ இறங்குகிறது என்பதை பாய்சன்-யென்சனும் பாலும் முன்னரே காட்டிவிட்டனர். 1928இல் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரிலிருந்து வெண்ட் வெளியிட்ட புதுமை வேறு. ஓர் எல்லைவரை, பொருளின் அளவுக்கு நேர்விகிதத்தில் கோணம் கூடுகிறது என்றார் அவர். குருத்தே தராசு ஆயிற்று! 25 பாகை வெப்பம், 90 விழுக்காடு ஈரப்பதம், 2 கன மில்லிமீட்டர் அகார். 90 நிமிடத்தில் 10 பாகை வளைத்தால் அது ஓர் ஓட்ஸ் அலகு. சாதாரண வெளிச்சமே குருத்தை வளைத்துவிடும் என்பதால் வேலையெல்லாம் செவ்வொளியில்தான். 1934இல் கோகலின் குழுவினர் மனிதச் சிறுநீரிலிருந்து இண்டோல் அசெட்டிக் அமிலத்தைப் பிரித்தபோது, எந்தக் குடுவையில் சரக்கு இருக்கிறது என்று வழிகாட்டியதும் இதே கோணம்தான்.

இன்று நிறைநிறமாலைமானி வந்துவிட்டது. ஒரு கிராம் தளிரில் சில நானோகிராம் இருந்தாலும் அது கண்டுபிடிக்கும். கன ஐசோடோப்பு கொண்ட அதே ஹார்மோனைத் தெரிந்த அளவில் முதலிலேயே கலந்துவிடுகிறார்கள். பிரிக்கும்போது பாதி வீணானாலும் இரண்டும் ஒன்றாகவே வீணாகும், விகிதம் மாறாது. இந்த அழகைப் பத்தாம் வகுப்பு மாணவன் புரிந்துகொள்ள மாட்டானா?

அவனுக்கு இது தேவையும்கூட. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மிளகாய் அனுப்பும் வீட்டுப் பிள்ளை அவன். பூ உதிராதிருக்க நாப்தலீன் அசெட்டிக் அமிலம் தெளிக்கிறார்கள். பரிந்துரை லிட்டருக்கு 10 மில்லிகிராம். கடையில் கிடைப்பது 4.5 விழுக்காட்டுக் கரைசல்; அதாவது ஒரு மில்லியில் 45 மில்லிகிராம். அதற்கு நாலரை லிட்டர் தண்ணீர் வேண்டும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றினால் என்ன ஆகும்? ஆப்பிள் தோட்டங்களில் இதே மருந்தைப் பிஞ்சு உதிர்வதற்கென்றே தெளிக்கிறார்கள்!

அடுத்த பதிப்பில் வளைந்த குருத்தின் பக்கத்தில் ஒரு கோணமானியும், கீழே இந்த மிளகாய்க் கணக்கும் சேர்க்கலாம். அரைப் பக்கம்கூட ஆகாது.